இயன்முறை மருத்துவ மாணவருக்கான உதவித்தொகை: பணம் எந்த மாதத்தில் போய்ச் சேர வேண்டும்?

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை வழக்கமாக மூன்று தவணையாகப் போடுவார்கள். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. மருத்துவமனையில் வேலை செய்யப்போகிறவர் என்றால், கடைசி ஊசி போட்ட ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச்சக்தி உருவாகியிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்குக் குறைவாக இருந்தால் மறுபடியும் ஊசி. ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஏழெட்டு மாதம் ஆகிவிடும். இந்தச் சான்றைக் காட்டாத மாணவரைப் பயிற்சி மருத்துவமனைகள் பலவும் நோயாளியின் அருகே விடுவதில்லை.

இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி, படிக்கும் மாணவருக்கு உதவ நினைப்பவர்கள் இந்த அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நல்ல மனத்தோடு தொடங்கப்பட்ட உதவித்தொகைகள் பெரும்பாலும் ஆண்டுத் தேர்வு முடிவு வந்து, மதிப்பெண் பட்டியல் சரிபார்க்கப்பட்டு, விழா ஒன்றில் காசோலையாகக் கொடுக்கப்படுகின்றன. அதற்குள் மாணவர் கடன் வாங்கி ஊசி போட்டிருப்பார். அல்லது போடாமல் விட்டு, பயிற்சிக்கான முதல் சுற்றைத் தவறவிட்டிருப்பார். தொகையின் அளவைப் பற்றி அறக்கட்டளைகள் நிறைய யோசிக்கின்றன. அந்தத் தொகை எந்த மாதத்தில், எந்தச் செலவுக்கு, எந்த நிபந்தனையோடு போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றி அந்த அளவுக்கு யோசிப்பதில்லை. படிப்பு முடிவதையும் நின்றுபோவதையும் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

தேவையைப் பற்றி ஐயம் வேண்டாம். பிசியோதெரபியை உள்ளடக்கிய மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக்கூடிய உடல்நிலையில் 2019-இல் உலகம் முழுவதும் 241 கோடிப் பேர் இருந்ததாக 2020-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. முதுகுவலி, பக்கவாதம், எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம் எல்லாம் இதில் அடக்கம். வருமானம் குறைந்த நாடுகள் சிலவற்றில் பத்து லட்சம் பேருக்குப் பயிற்சி பெற்ற மறுவாழ்வுப் பணியாளர் பத்துப் பேர்கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை மறுவாழ்வுச் சிகிச்சையை வலுப்படுத்தத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. ஆள் வேண்டும், ஆள் வருவதற்குப் படிப்பு முடிய வேண்டும்.

செலவு எங்கே கூடுகிறது?

கலை, அறிவியல் படிப்பில் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கட்டிவிட்டால் பெரும்பகுதிச் செலவு முடிந்தது. இயன்முறை மருத்துவத்தில் அப்படியில்லை. முதல் ஆண்டு உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் கழியும். பிறகு மருத்துவமனைப் பயிற்சி, மாணவர் பேச்சில் ‘போஸ்டிங்’, மெல்லத் தொடங்கிக் கடைசி ஆண்டுகளில் முழுநேரமாக நிற்கும். அமெரிக்காவில் இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு குறைந்தது 30 வாரம் முழுநேரப் பயிற்சி கேட்கிறது. பிரிட்டனில் மரபாக எதிர்பார்க்கப்படுவது 1,000 மணி நேரம். வாரத்துக்கு 37.5 மணி என்று வைத்தால் அது கிட்டத்தட்ட 27 வாரம்.

அந்த வாரங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாலை நேரக் கடை வேலையோ டியூஷனோ வைத்துக் குடும்பத்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த மாணவரின் வருமானம் நிற்கிறது. காலையில் வார்டு, மதியம் வெளிநோயாளர் பிரிவு, இரவில் மறுநாள் பார்க்க வேண்டிய நோயாளிகளுக்கான சிகிச்சைத் திட்டம். இதற்கு மேல் எந்த வேலைக்கும் உடம்பில் தெம்பு இருக்காது. பயிற்சி மையம் வேறு ஊரில் அமைந்துவிட்டால் இரட்டை வாடகை: படிக்கும் இடத்தில் அறையை விட்டால் திரும்பக் கிடைக்காது, போகும் இடத்திலும் தங்கியாக வேண்டும். நரம்பியல், இதய-நுரையீரல், குழந்தைகள், எலும்பு-மூட்டு என்று பிரிவு மாற மாற இடமும் மாறும்.

சில்லறைச் செலவுகள் தனி. மூட்டின் அசைவுக் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர், அளவு நாடா, ரிஃப்ளெக்ஸ் சுத்தியல், ஸ்டெதாஸ்கோப், இரண்டு மூன்று செட் சீருடை, நாள் முழுக்க நிற்கத் தாங்கும் காலணி, உயிர்காப்பு முதலுதவிப் பயிற்சிச் சான்று (பெரும்பாலும் இரண்டாண்டுதான் செல்லும், படிப்பு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டிவரும்), காசநோய்ப் பரிசோதனை, சில இடங்களில் காவல்துறைச் சான்று, தொழில் பொறுப்புக் காப்பீடு. ஒவ்வொன்றும் சிறியது. ஆனால் எல்லாம் பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய ஓரிரு மாதத்தில் ஒன்றாக வந்து விழும்.

படிப்பு முடிந்த பிறகும் ஒரு இடைவெளி இருக்கிறது. உரிமத் தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம், சான்றிதழ்களுக்கான கட்டணம், முதல் சம்பளம் வரும் வரை சாப்பாடும் வாடகையும். உதவித்தொகைப் பட்டியல்கள் இந்த மாதங்களை எட்டுவதே அபூர்வம், ஏனென்றால் அப்போது அவர் ‘மாணவர்’ அல்ல. பட்டம் கையில் இருந்தும் பதிவு செய்யப் பணமில்லாமல் வேறு வேலையில் ஒதுங்குகிறவரைக் கொடையாளரின் ஆண்டறிக்கை ‘வெற்றிகரமாகப் படிப்பை முடித்தவர்’ என்று எண்ணிக்கொண்டிருக்கும்.

இந்தத் துறையைக் கட்டியதே கொடைதான்

பிசியோதெரபியின் வரலாற்றில் தனியார் கொடைக்குப் பெரிய இடமுண்டு. 1915-இல் லண்டனில், அதற்கு முன்பே தானும் கண் பார்வை இழந்திருந்த பத்திரிகை அதிபர் ஆர்தர் பியர்சன், போரில் பார்வை போன வீரர்களுக்காகச் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். அங்கே கற்றுத்தரப்பட்ட தொழில்களில் மசாஜ் சிகிச்சை ஒன்று. அன்று இயன்முறை மருத்துவத்தின் மையமே அதுதான். பார்வையற்றவர்கள் இந்தத் தொழிலுக்கு வந்து நிலைத்ததற்கு இந்த இல்லம் ஒரு முக்கியக் காரணம். அவர்கள் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கவில்லை. பிரெய்ல் கற்பித்தார்கள், தங்குமிடம் தந்தார்கள், பயிற்சி முடிந்தவர் தொழில் தொடங்கிக் காலூன்றும் வரை உடனிருந்தார்கள். 

பெயரளவில் அது ‘கடந்த காலத்துப் பார்வையற்ற வீரர்கள்’ பற்றியதாகத் தோன்றலாம். ஆனால் இன்றைக்கும் ஒரு நல்ல உதவித்திட்டத்தை அளக்க இந்த மூன்றும் போதும்: படிக்கத் தேவையான கருவி, படிக்கும் காலத்தில் வயிறும் கூரையும், முடிந்த பிறகு தொழிலுக்குள் நுழையும் வழி.

இரண்டாவது உதாரணம் இன்னும் பெரியது. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1938-இல் இளம்பிள்ளை வாதத்துக்கான தேசிய அறக்கட்டளையை நிறுவினார். மக்கள் பத்து சென்ட் நாணயமாக அனுப்பிய பணத்தால் அது வளர்ந்தது. அந்த நாணயத்துக்கு அங்கே ‘டைம்’ (dime) என்று பெயர்; ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். போலியோ தாக்கிய குழந்தைகளின் தசைகளை மீட்க ஆள் போதாதபோது, இந்த அறக்கட்டளை பிசியோதெரபி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கியது. அதோடு நிற்காமல், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஆசிரியர்களை உருவாக்கவும் பள்ளிகளை வலுப்படுத்தவும் பணம் கொடுத்தது. அந்தக் கல்விப் பிரிவை வழிநடத்தியவர் கேத்தரின் வொர்த்திங்ஹாம் என்ற பிசியோதெரபிஸ்ட். துறையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் பண ஒதுக்கீட்டைத் தீர்மானித்ததால்தான் தடங்கல் எங்கே இருக்கிறது என்று சரியாகக் கண்டுகொள்ள முடிந்தது என்று நினைக்கிறேன். இன்றைய அறக்கட்டளைக் குழுக்களில் வழக்கறிஞரும் கணக்காயரும் இருப்பார்கள். ஒரு மருத்துவமனைப் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் இருப்பது அரிது.

செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 1979 முதல் நடத்திவரும் உடல் மறுவாழ்வுத் திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். காபூலில் அதன் மையத்தில் இத்தாலிய பிசியோதெரபிஸ்ட் ஆல்பெர்த்தோ கைரோ 1990 முதல் பணியாற்றியவர். கால் இழந்து அங்கே நோயாளியாக வந்தவர்களே பயிற்சி பெற்றுப் பணியாளர்களானார்கள். முடித்தால் வேலை உண்டு என்று தெரிந்து பயிற்சி பெறுபவருக்குப் பாதியில் நிற்கக் காரணம் குறைவு.

அரசு விலகும் இடத்தில் கொடை

நன்கொடைக்கான தேவை திடீரென்று கூடுவது பெரும்பாலும் அரசின் விதி மாறும்போது. இங்கிலாந்தில் பிசியோதெரபி மாணவர்களுக்குக் கட்டணத்தை ஏற்று வாழ்க்கைச் செலவுக்கும் தந்துவந்த அரசு உதவி 2017-இல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. கடன் வாங்கிப் படிக்கும் முறை வந்தது. பிறகு 2020 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு திருப்பிக் கட்ட வேண்டாத உதவியாகத் தரப்படுகிறது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர்களின் கடன் சுமையைத் தனியார் நிதிகளால் முழுக்கத் தாங்க முடியவில்லை; அரசு விட்ட இடத்தின் அளவு அப்படி.

அமெரிக்காவில் 2016 ஜனவரி முதல் இந்தத் தொழிலுக்குள் நுழைய முனைவர் நிலைப் படிப்பு கட்டாயம். இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு பொதுவாக மூன்றாண்டு. முடிக்கும்போது பலரின் கல்விக் கடன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடுகிறது. 2025 ஜூலையில் வந்த சட்டம் நிலைமையை இன்னும் இறுக்கியது: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் கேட்பவர்களுக்கு ‘கிராட் பிளஸ்’ என்ற கூட்டரசுக் கடன் கிடையாது. பட்டமேற்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 100,000 டாலர் என்பது உச்சவரம்பு. தொழில்முறைப் பட்டம் என்றால் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 200,000. தொழில்முறைப் பட்டத்துக்கு அங்குள்ள விதி உதாரணம் காட்டும் பழைய பட்டியலில் மருத்துவம், பல் மருத்துவம், சட்டம், கைரோபிராக்டிக் எல்லாம் உண்டு, பிசியோதெரபி இல்லை. ஒரு பட்டியலில் ஒரு சொல் இல்லாமல் போனால் எத்தனை மாணவர்கள் தனியார் கடனையும் நன்கொடையையும் தேடிப் போக வேண்டியிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கே நீக்கிவிடலாம். இந்தத் துறையின் பெயரில் இருக்கும் எல்லா உதவித்தொகையும் புதிதாகப் படிக்க வருபவருக்கானது அல்ல. அமெரிக்காவில் 1979-இல் தொடங்கப்பட்ட பிசியோதெரபி ஆய்வு அறக்கட்டளை தரும் தொகைகள் முக்கியமாக ஏற்கெனவே பிசியோதெரபிஸ்டாக இருந்து ஆய்வுப் பட்டம் செய்பவர்களுக்கு. விண்ணப்பிக்கும் முன் ‘நுழைவுநிலைப் படிப்புக்கா, ஆய்வுக்கா’ என்று பார்க்காமல் வாரக்கணக்கில் உழைத்துக் கட்டுரை எழுதி ஏமாறுபவர்கள் உண்டு.

நிலைநிதியா, செலவிடும் நிதியா?

கொடையாளரிடம் நிறுவனங்கள் முதலில் முன்வைப்பது நிலைநிதியைத்தான். அசலைத் தொடாமல் முதலீடு செய்து, ஆண்டுதோறும் 4 அல்லது 5 சதவீதத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு. பெயர் என்றென்றும் நிற்கும். ஆனால் கணக்கு கடுமையானது. ஒரு மாணவருக்கு ஓராண்டுக்குத் தேவைப்படுவதை 1 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 4 சதவீதத்தில் அதைத் தர 25 பங்கு அசல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு புதிய மாணவரைச் சேர்த்து, நான்காண்டுப் படிப்பு முழுவதும் தாங்க வேண்டுமென்றால் எப்போதும் நான்கு பேர் பட்டியலில் இருப்பார்கள். அதற்கு 100 பங்கு.

அதே 100 பங்கைப் பத்தாண்டுக்குள் முழுவதும் செலவழிப்பது என்று முடிவெடுத்தால், வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமலே 25 மாணவர் முழுப் படிப்பை முடிக்கலாம். நிலைநிதி அதே பத்தாண்டில் தாங்குவது 10 பேரை. ஆட்பற்றாக்குறை இன்றைக்கு இருக்கும் ஒரு துறையில் இரண்டாவது வழியைக் கொடையாளர்கள் இன்னும் தீவிரமாகப் பரிசீலிக்க வேண்டும் என்பது என் எண்ணம். முப்பதாண்டு கழித்தும் நிதி வேண்டும் என்பவருக்கு நிலைநிதி சரி. ஆனால் அது தானாகக் கிடைக்கும் ‘பாதுகாப்பான’ தேர்வு அல்ல.

நிலைநிதி வைப்பவர்கள் வழக்கமாக இடறும் இடங்கள் மூன்று. முதலாவது, தொகையை ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதிவைப்பது. கட்டணம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் பத்தாண்டில் அது 1.63 மடங்கு. தொடக்கத்தில் முழுக் கட்டணத்தையும் ஈடுகட்டிய தொகை அப்போது 61 சதவீதத்தைத்தான் ஈடுகட்டும். எண்ணுக்குப் பதில் ‘கட்டணத்தில் இத்தனை விழுக்காடு’ என்று எழுதுங்கள். நிதி போதாத ஆண்டில் தொகையைக் குறைக்காமல் ஆட்களைக் குறைக்கவும் என்று சேர்த்து எழுதுங்கள். அரைகுறையாக நால்வருக்குக் கொடுத்து நால்வரையும் தவிக்கவிடுவதைவிட இருவரைக் கரைசேர்ப்பது மேல்.

இரண்டாவது, சந்தை இறக்கம். நிதியின் மதிப்பு அசலுக்குக் கீழே போய்விட்டால் பல நிறுவனங்கள் அந்த ஆண்டு பணம் எடுப்பதை நிறுத்திவிடும் அல்லது வெட்டிவிடும். அதிர்ச்சியைக் குறைக்கத்தான் 12 காலாண்டுகளின் சராசரி மதிப்பில் சதவீதம் போடும் வழக்கம் வந்தது. அது போதாது. ஓராண்டுத் தொகையைத் தனி வைப்பாக ஒதுக்கி, இறக்கக் காலத்தில் ஏற்கெனவே சேர்ந்த மாணவர்கள் முடித்த பிறகே புதியவரைச் சேர்க்கலாம் என்ற விதியும் வேண்டும். இரண்டாம் ஆண்டில் தொகை நின்றுபோன மாணவருக்கு, தொகையே கிடைக்காதவரைவிட நிலைமை மோசம். அதை நம்பித்தான் அவர் மற்ற வாய்ப்புகளை விட்டிருப்பார்.

மூன்றாவது, தகுதியை ஊசிமுனை அளவுக்குச் சுருக்குவது. குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட பள்ளி, குறிப்பிட்ட பின்னணி, கூடவே இத்தனை மதிப்பெண் என்று அடுக்கினால் சில ஆண்டுகளில் தகுதியுள்ள ஒருவரும் இருக்க மாட்டார். பணம் தூங்கும். ‘தகுதியானவர் இல்லையெனில் இன்னாருக்கு’ என்ற இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் நீதிமன்றம் வரை போகத் தேவையிருக்காது.

தேர்வும் தொடர்ச்சியும்

சேர்க்கை முடிந்த பிறகு அறிவிக்கப்படும் உதவித்தொகை, யார் படிக்க வருகிறார்கள் என்பதை மாற்றுவதில்லை. எப்படியாவது கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட்டவர்களுக்குள்தான் போட்டி. ‘கட்டணம் கட்ட முடியாது’ என்று விண்ணப்பமே போடாத பெண்ணை எட்ட வேண்டுமானால், சேர்க்கை அறிவிப்போடு சேர்த்து, இத்தனை வருமானத்துக்குக் கீழே இருந்தால் இது நிச்சயம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். உறுதி என்பதுதான் இங்கே பலம். ‘கிடைக்கலாம்’ என்ற சொல்லை நம்பி எந்த ஏழைக் குடும்பமும் நான்கைந்தாண்டுப் படிப்புக்குள் பிள்ளையை அனுப்பாது.

தொடர்வதற்கான நிபந்தனையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ‘ஒவ்வோர் ஆண்டும் 75 சதவீதம்’ என்பது காகிதத்தில் அழகாக இருக்கும். முதலாண்டு உடற்கூறியலில் தடுமாறுவது இந்தப் படிப்பில் சாதாரணம். வேறு மொழிவழியில் பள்ளி முடித்தவருக்கு நூற்றுக்கணக்கான தசை, நரம்புப் பெயர்களே ஒரு புது மொழி. ஒரு பாடத்தில் அரியர் விழுந்ததும் தொகை நிற்கிறது. தொகை நின்றதும் மாலையில் வேலைக்குப் போகிறார். வேலைக்குப் போவதால் அடுத்த தாளும் போகிறது. நிபந்தனை ‘அடுத்த ஆண்டுக்குத் தேர்ச்சி’ என்று இருக்கட்டும். தவறினால் ஒரு பருவம் அவகாசம் கொடுத்து, அந்தப் பருவத்தில் தனிப்பயிற்சிக்கும் பணம் கொடுங்கள். நோய், பிரசவம், குடும்பத்தில் மரணம் ஆகியவற்றுக்குத் தொகையை ரத்து செய்யாமல் நிறுத்திவைக்கும் பிரிவு ஒன்றும் வேண்டும்.

‘படித்து முடித்ததும் எங்கள் பகுதியில் இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும்’ என்ற பாண்ட் பற்றி ஒரு வார்த்தை. ஆள் கிடைக்காத இடங்களுக்கு இது நியாயமான கருவிதான். ஆனால் ஒப்பந்தத்தில் நான்கு கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடக்கூடாது. அங்கே உண்மையில் பணியிடம் இருக்கிறதா? சம்பளம் யார் தருவார்? பணியிடம் தராமல் போனால் மாணவர் விடுபடுகிறாரா? பாதியில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டியது வாங்கிய தொகையா, அதன் மடங்கா? வாங்கியதைப்போல் மூன்று மடங்கு என்று எழுதப்பட்ட தாள், உதவித்தொகை என்ற பெயரில் வந்த கடன். முடித்த ஆண்டுகளுக்கு ஏற்ப மீதி குறைந்துகொண்டே வருவதுதான் முறை.

வந்த பணம் மறைவது எப்படி?

வெளியிலிருந்து ஒரு உதவித்தொகை வந்ததும், கல்லூரி தான் தந்துவந்த சலுகையை அதே அளவுக்குக் குறைத்துக்கொள்வது பல நாடுகளில் நடக்கிறது. கொடையாளர் கொடுத்தது கல்லூரியின் கணக்கில் மிச்சமாகிறது. மாணவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலம் 2017-இல் அரசுக் கல்லூரிகள் இப்படிக் குறைப்பதற்குச் சட்டத்தால் கட்டுப்பாடு விதித்தது. கொடையாளர் செய்யக்கூடியது எளிது: காசோலை எழுதும் முன், ‘இந்தத் தொகையால் மாணவருக்கு இப்போது கிடைக்கும் எந்த உதவியும் குறையாது’ என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் தொகையைக் கட்டணத்துக்குக் கொடுக்காமல் தங்குமிடம், பயணம், கருவிகள் என்று மாணவர் கையில் சேருமாறு மாற்றுங்கள்.

மாற்றும்போது வரி விதியைப் பார்க்க வேண்டும். அமெரிக்க விதிப்படி கல்விக் கட்டணம், கட்டாயப் புத்தகம், கருவி ஆகியவற்றுக்கான தொகைக்கு வரியில்லை; தங்கும் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் தரும் தொகை மாணவரின் வருமானமாகக் கருதப்படும். வேலை செய்வதற்கு ஈடாகத் தரும் தொகைக்கும் வரி உண்டு. வேறு நாடுகளில் விதி வேறு. எங்கிருந்தாலும், முதல் தவணைக்கு முன்பே மாணவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு மறைவு, ‘முதலில் செலவழியுங்கள், ரசீது கொடுங்கள், திருப்பித் தருகிறோம்’ என்ற முறை. இங்கிலாந்தில் பயிற்சிக்கான கூடுதல் பயணத்துக்கும் இரட்டைத் தங்குமிடத்துக்கும் அரசே ஈடு தருகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் செலவு செய்த பிறகே கோர முடியும். கையில் பணமே இல்லாதவருக்கு இந்த வாசல் பாதிதான் திறந்திருக்கிறது. தனியார் அறக்கட்டளைக்கு இங்கே அருமையான இடம் உண்டு: பயிற்சி தொடங்குவதற்கு நான்கு வாரம் முன் வட்டியில்லா முன்பணம் கொடுத்து, அரசு ஈடு வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது. அதே பணம் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேரிடம் சுற்றிவரும்.

அவசர நிதியும் இப்படித்தான். தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றால், குழு அடுத்த மாதம் கூடிப் பயனில்லை. ஒரு சிறிய உச்சவரம்பு வைத்து, அதற்குள் முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கல்லூரியில் இருவருக்குக் கொடுத்து, மூன்று வேலைநாளுக்குள் பணம் கணக்கில் விழ வேண்டும் என்று விதி வைத்தால் போதும். விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. 

விண்ணப்பிப்பவருக்குச் சில குறிப்புகள்

தகுதியான விண்ணப்பங்கள் விழுவது பெரும்பாலும் காகிதக் கோளாறால். வங்கிக் கணக்கிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரின் எழுத்து வேறுபடும். வருமானச் சான்று காலாவதியாகியிருக்கும். பரிந்துரைக் கடிதம் நேரத்துக்கு வராது. கடிதம் எழுதும் ஆசிரியரிடம் மூன்று நான்கு வாரம் முன்பே கேட்டு, உங்கள் மதிப்பெண், பயிற்சி விவரம், உதவித்தொகையின் நோக்கம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

கட்டுரையில் ‘மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் சிறுவயதுக் கனவு’ என்ற வரியைத் தேர்வுக்குழு நூறு தடவை படித்திருக்கும். அதற்குப் பதில் பன்னிரண்டு மாதச் செலவுப் பட்டியல் ஒன்றை இணையுங்கள்: எந்த மாதம் என்ன செலவு, அதில் கையில் இருப்பது எவ்வளவு, விழும் துண்டு எவ்வளவு. பயிற்சி மாதங்களில் துண்டு பெரிதாவது கண்ணுக்கே தெரியும். ‘தொகை கிடைத்தால் இந்த எட்டு வாரம் இரவு வேலைக்குப் போகாமல் பக்கவாத வார்டில் முழு நேரமும் இருக்க முடியும்’ என்ற ஒரு வாக்கியம் இரண்டு பக்க உருக்கத்தைவிடக் குழுவுக்கு உதவும்.

விண்ணப்பத்துக்கோ, தொகையை ‘விடுவிப்பதற்கோ’ முன்கூட்டிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை (ஓடிபி) கேட்டாலும் அப்படியே.

பணத்தால் மட்டும் கூடாத இருக்கைகள்

எத்தனை மாணவருக்கு உதவினாலும், அவர்களைப் பயிற்சியில் ஏற்கும் மருத்துவமனை இருக்கைகள் கூடாவிட்டால் படிப்பு அங்கேயே தேங்கும். ஒரு பிசியோதெரபிஸ்ட் தன் நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு மாணவரையும் கவனிக்க வேண்டும்; இதற்காக அவருக்குத் தனி நேரமோ ஊதியமோ பெரும்பாலும் கிடையாது. ஆகவே ‘இந்த முறை முடியாது’ என்று சொல்லிவிடுகிறார். ஒருவருக்கு ஒரு மாணவர் என்ற பழக்கத்தை மாற்றி இரண்டு மாணவரை ஒன்றாக ஏற்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. ஒருவர் செய்ய மற்றவர் கவனித்துக் குறிப்பெடுத்து, பிறகு இடம் மாறுவார்கள். முதல் வாரம் சிரமம்தான். பிறகு இருவரும் ஒருவரையொருவர் கேட்டுத் தெளிவதால் வழிகாட்டியிடம் வரும் கேள்விகள் குறையும்.

போலியோ காலத்து அறக்கட்டளை ஆசிரியர்களுக்குப் பணம் ஒதுக்கியது இதே முடிச்சை அவிழ்க்கத்தான். ஒரு மருத்துவமனையில் ஒரு வழிகாட்டிக்கு வாரம் அரைநாள் நேரத்தை ஈடுகட்டும் தொகை, ஆண்டு முழுவதும் இரண்டு கூடுதல் இருக்கைகளைத் திறந்துவைக்கக் கூடும். புதிதாக உதவித்தொகை தொடங்குபவர் கல்லூரி முதல்வரிடம் ‘எத்தனை ஏழை மாணவர் இருக்கிறார்கள்’ என்று கேட்பதோடு, பயிற்சி ஒருங்கிணைப்பாளரைத் தனியாகப் பார்த்து, ‘போன ஆண்டு இடமில்லாமல் எத்தனை பேரின் போஸ்டிங் தள்ளிப்போனது, எந்தப் பிரிவில்’ என்றும் கேட்க வேண்டும். பதில் பூஜ்யம் என்றால் பணம் முழுவதையும் மாணவருக்குக் கொடுக்கலாம். குழந்தைகள் பிரிவிலும் நரம்பியலிலும் ஆறு ஆறு பேர் காத்திருந்தார்கள் என்று வந்தால், தொகையில் ஒரு பகுதி அந்த இரண்டு வார்டுகளின் வழிகாட்டிகளுக்குப் போக வேண்டும்.